ஹாஃப்கினும் என் மகளும்

மும்பைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. பரேல் வழியா பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட் பெயர்ப்பலகை கண்ணில் படும். யாரோ வெள்ளைக்காரர் பேர் என்பதோடு சரி. அந்த மனுஷன் யாருன்னு நான் தேடிப் படிச்சது 2021-ல்தான். அதுவும் என் மகளிடம் சண்டையில் ஜெயிக்கணும்னு!

அப்போ அவள் புனே காலேஜில் இரண்டாம் வருஷம். வகுப்பெல்லாம் வீட்டு லேப்டாப்பில். மே 1 முதல் பதினெட்டு வயசானவங்களுக்கும் கொரோனா தடுப்பூசின்னு அறிவிச்சாங்க. முதல்ல ஸ்லாட் கிடைக்கலை. கிடைச்சப்போ அவளுக்குப் பரீட்சை. அடுத்த வாரம் தலைவலி. அதுக்கடுத்து, "எங்க வயசுக்கு வந்தாலும் ஜலதோஷம் மாதிரி போயிடும்பா." படிக்கிற பொண்ணு இப்படிப் பேசுதேன்னு எனக்குக் கோபம். அதனால ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சரித்திரத்தை எடுத்து விட்டேன்.

வால்டெமார் ஹாஃப்கின், 1860-ல் ஒடெஸ்ஸாவில் பிறந்த யூதர். 1896-ல் பம்பாயில் பிளேக் வெடிச்சப்போ கிராண்ட் மெடிக்கல் காலேஜில் உட்கார்ந்து தடுப்பு மருந்து தயாரிச்சார். 1897 ஜனவரி 10 அன்று முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கிட்டார். காய்ச்சலும் வலியும் வந்தது, தாங்கினார். அந்த மாசக் கடைசியில் பைகுல்லா ஜெயிலில் பிளேக். சம்மதிச்ச கைதிகளுக்கு மட்டும் ஊசி. கிட்டத்தட்ட பாதிப் பேர். மருந்து வேலை செய்ய ஆரம்பிச்ச பிறகு, போடாதவங்களில் 12 பேருக்கு நோய், 6 சாவு. போட்டவங்களில் 2 பேருக்கு மட்டும் நோய், சாவே இல்லை.

இவ்வளவு தெளிவான கணக்கு. ஜனங்க வரிசையில் நின்னிருக்கணும் இல்லையா? பெரும்பாலானவங்க வரலை. ஊசி ஒரு கஜம் நீளம், போட்டதும் செத்துடுவாங்கன்னு வதந்தி.

அறியாத ஜனங்கன்னு ஒதுக்கிடலாம். ஆனா அந்த வருஷங்களில் என்ன நடந்ததுன்னும் பார்க்கணும். நோயாளிகளை வீட்டிலிருந்து பிடிச்சுக்கிட்டுப் போனதில் கொதிச்சு, 1896 அக்டோபர் 29 அன்று மில் தொழிலாளிகள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினாங்க. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. புனேயில் பட்டாளத்துக்காரங்க வீடு வீடா நுழைஞ்சு சோதனை போட்டாங்க. அந்த ஆத்திரத்தில்தான் ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்கள் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டாங்க. பூட்ஸ் காலோடு அடுப்படி வரை வந்ததும் சர்க்கார். ஊசியோடு வந்ததும் அதே சர்க்கார். ஜனங்களுக்குச் சந்தேகம் மருந்து மேல மட்டும் இல்லை, அதை நீட்டின கை மேலயும்தான். அதனாலதான் ஆகா கான், அப்போ சுமார் இருபது வயசு, தன் சமூகத்தார் கண்ணெதிரே தானே ஊசி போட்டுக்கிட்டார்.

இவ்வளவையும் கேட்டுட்டு மகள் தட்டைப் பார்த்துக்கிட்டே ஒண்ணே ஒண்ணு கேட்டாள்.

"தாத்தாவுக்குப் போடச் சொன்னது நீங்கதானேப்பா?"

எனக்குப் பேச்சு வரலை.

அந்த ஏப்ரலில் திருநெல்வேலியில் இருந்த எங்க அப்பாவை தினமும் போனில் நச்சரிச்சு முதல் ஊசி போட வைத்தது நான்தான். நாலாம் நாள் காய்ச்சல். பரிசோதனையில் கொரோனா. பதினாலாம் நாள் போயிட்டார். ஊசி போடும்போதே கிருமி உள்ளே இருந்திருக்கும், மருந்து வேலை செய்ய ரெண்டு மூணு வாரமாவது ஆகும்னு டாக்டர் சொன்னார். புத்திக்குப் புரிஞ்சது. மனசு மட்டும், நீ சொல்லித்தானே போட்டுக்கிட்டார்னு கேட்டுக்கிட்டே இருந்தது. அவளுக்கும் அதே கேள்விதான். பரீட்சை, தலைவலி எல்லாம் சாக்கு.

இதை ஆராய்ச்சியாவே செஞ்சிருக்காங்க. 1990-ல் இலானா ரிட்டோவ், ஜொனாதன் பேரன் என்ற ரெண்டு உளவியலாளர்கள், பெரும்பாலும் மாணவர்களிடம், தடுப்பூசி பற்றிக் கற்பனைக் கேள்விகள் கேட்டாங்க. நோயால் வரும் ஆபத்தைவிட ஊசியால் வரும் ஆபத்து குறைவுன்னு தெரிஞ்சும் பலர் தயங்கினாங்க. சும்மா இருந்து வரும் கேடு விதியாத் தெரியுது. நாம செஞ்சு வரும் கேடு பாவமாத் தெரியுது.

அன்னிக்கு ராத்திரி, மேஜையில் நான் வேணும்னே மறைச்ச பாதியை அவளிடம் சொன்னேன். 1902 அக்டோபர் 30, பஞ்சாபில் முல்கோவால் கிராமம். அன்று 107 பேருக்கு ஹாஃப்கின் ஊசி. அதில் ஒரே பாட்டிலிலிருந்து போட்டுக்கிட்ட 19 பேர் டெட்டனஸ் வந்து செத்தாங்க. பழி ஹாஃப்கின் தலையில் விழுந்து வேலை போச்சு. பாட்டிலைத் திறந்த உதவியாளரின் இடுக்கி மண்ணில் விழுந்ததும், அதைச் சரியாச் சுத்தம் செய்யாததும் விசாரணையிலேயே வந்த சாட்சி. ஆனாலும் ரொனால்ட் ராஸ் போன்றவங்க பத்திரிகையில் வாதாடி, 1907-ல்தான் அவர் மேல் இருந்த பழி நீங்கியது.

"அப்புறம் அந்த மருந்தை நிறுத்திட்டாங்களா?"

"இல்லைம்மா. 1925 வரைக்கும் பம்பாயிலிருந்து 2 கோடியே 60 லட்சம் டோஸ் போயிருக்கு. பரேல் ஆய்வுக்கூடத்துக்கு அவர் பேரை வச்சதும் அந்த வருஷம்தான்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "உங்களுக்கும் பயமா இருந்துச்சாப்பா?"

"இப்பவும் இருக்கு."

ஜூலையில் என் இரண்டாவது ஊசிக்கு அவளும் வந்தாள். முதலில் நான், அடுத்து அவள். அந்த அரைமணி நேரக் காத்திருப்பில் என் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தாள், சின்னப் பிள்ளையில் லோக்கல் ரயிலில் பிடிச்ச மாதிரி.

உங்க வீட்டுப் பிள்ளைகள் ஏதாவது ஒண்ணைத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தால் கணக்கைக் காட்டறதுக்கு முன்னாடி என்ன பயம்னு கேட்டுப் பாருங்க. எனக்கு அது ரெண்டு மாசச் சண்டைக்கு அப்புறம்தான் தோணிச்சு.