குப்பை வண்டியின் எஜமானர்கள்

கோலாலம்பூர் மக்களின் வீட்டுக் குப்பையை அள்ளும் பொறுப்பு 1997ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நகர நிர்வாகத்தின் கையைவிட்டு ஒரு தனியார் கம்பெனியின் கைக்குச் சென்றது. அலாம் ஃபுளோரா என்பது அக்கம்பெனியின் பெயர். இதனை ஒரு சில்லறைச் சங்கதி என்று எண்ணி நம்மவரிற் பெரும்பாலோர் விட்டுவிட்டனர். குப்பை போனால் போதும், கொண்டு போகிறவன் எவனாயிருந்தால் நமக்கென்ன என்பதே அவர்களுடைய நியாயம். இந்த நியாயம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நாம் பார்க்க வேண்டும். ஏனெனில் இந்நகரின் சரித்திரத்திலே குப்பையை அள்ளுவது யார் என்ற கேள்வியும், ஊரை ஆளுவது யார் என்ற கேள்வியும் ஆதிமுதல் சேர்ந்தே வந்திருக்கின்றன.

ஈயச் சுரங்கத்தை நம்பி எழுந்த ஊர் கோலாலம்பூர். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில், கப்பித்தான் யாப் ஆ லோயின் அதிகாரத்தில், அத்தாப்புக் குடிசைகளாய் நெருங்கிக் கிடந்த அவ்வூரை 1881ஆம் ஆண்டில் முதலில் தீயும் பின்னர் வெள்ளமும் அழித்தன. 1882இல் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் துரை, இனிச் செங்கல்லாலும் ஓட்டாலுமே வீடு கட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். அதற்கு வேண்டிய கல் அறுத்துச் சுட்ட சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். ஊர் கல்லால் எழுந்தும் கழிவு போக வழியில்லை. ஆகவே 1890ஆம் ஆண்டில் சானிட்டரி போர்டு என்னும் சுகாதார சபை ஏற்பட்டது. கோலாலம்பூரின் முதல் நகர ஆட்சிமன்றம் இதுவே. அதற்கு ராஜ்ய சபை என்றோ நகர சபை என்றோ பெயரிடாமல் சுகாதாரத்தின் பெயரையே இட்டார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். பெருக்குவதற்காகவே இவ்வூரில் ஆட்சி பிறந்தது. ஆனால் அந்தச் சபையின் அங்கத்தினர்கள் சர்க்காரால் நியமிக்கப்பட்டவர்கள்; ஜனங்களின் வாக்குப் பெற்று வந்தவர் ஒருவருமிலர்.

இவ்வேலையைச் சர்க்கார் ஏன் தன் பொறுப்பாக்கிக்கொண்டது என்பதற்குக் கிள்ளான் ஒரு நல்ல சாட்சி. 1901ஆம் ஆண்டில் அங்கு வைத்தியராக வந்த மால்கம் வாட்சன், ஊரும் புதிதாகத் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகமும் மலேரியாவால் மடிவதைக் கண்டார். சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டவும் காட்டை அழிக்கவும் அவர் சொன்ன யோசனையை ஏற்றுச் சர்க்கார் பணம் செலவிட்டது. கிள்ளான் பட்டணத்திலிருந்து மலேரியாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1901இல் 334 பேர். 1905இல் 12 பேர். இந்த வடிகாலை வெட்டினால் தனக்கு என்ன லாபம் என்று ஒரு முதலாளி கேட்டிருப்பானாயின், அந்தக் கேள்விக்குக் கணக்குப் புஸ்தகத்தில் விடையிராது. கொசுவுக்கு யார் நிலம் என்ற பேதமில்லை. குப்பையின் தன்மையும் அதுவே. அடுத்த வீட்டான் தெருவில் கொட்டினால் நம் வீட்டுச் சாக்கடை அடைபடும். ஆகவேதான் உலகத்துப் பெருநகரங்களெல்லாம் இதனைப் பொதுக் காரியமாக்கின. பாரிஸ் நகரிலே எழேன் பூபெல் என்ற அதிகாரி, வீடுதோறும் மூடியுள்ள தொட்டி வைத்தே தீரவேண்டுமென்று 1884இல் சட்டம் பண்ணினார். பழந்துணியும் எலும்பும் பொறுக்கிப் பிழைத்தவர்கள் தங்கள் பிழைப்புப் போயிற்றென்று ஆத்திரங் கொண்டனர். இன்றும் பிரெஞ்சுக்காரர் குப்பைத் தொட்டியை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். ஓர் உத்தியோகஸ்தருக்கு இதைவிட நீடித்த ஞாபகச் சின்னம் கிடைப்பது அரிது!

பொதுக் காரியம் ஆனது சரி. அதைச் செய்த கை யாருடையது? இங்குதான் நாம் வெட்கப்பட வேண்டிய பகுதி வருகிறது. தமிழ்நாட்டிலும் ஆந்திர தேசத்திலும் பிறப்பைக் கொண்டு எந்த ஜனங்களைத் தோட்டி வேலைக்குத் தள்ளி வைத்தோமோ, அந்த ஜனங்களையே மலாயாவின் நகர நிர்வாகங்களும் விளக்குமாற்றுக்கும் மல வாளிக்கும் எடுத்துக்கொண்டன. கப்பலேறினால் ஜாதி கடலில் விழுந்துவிடும் என்றவர்கள், கூலி லயன்கள் இருந்த தெருவுக்குள் சென்று பார்த்திருக்கமாட்டார்கள். வெள்ளைக்காரன் ஜாதியை உண்டாக்கவில்லை. உண்டாயிருந்ததை மலிவான விலைக்கு உபயோகித்துக்கொண்டான். அவன் சொன்ன வேலையை மண்டோர் வாங்கினான். அள்ளிய கைக்கு நாம் நம் வீட்டுத் தண்ணீரைத் தர மறுத்தோம். இதிலே யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக்கொள்வது வாசகர் பொறுப்பு.

எனினும், இழிவென்று ஒதுக்கப்பட்ட அந்த வேலையிலேயே ஒரு பிடிமானம் பின்னர் முளைத்தது. நகரசபை உத்தியோகம் என்றால் மாதச் சம்பளம், குடியிருக்க இடம், நோய்க்கு மருந்து, நிரந்தர ஊழியர்க்கு வயோதிகத்தில் உபகாரச் சம்பளம். விளக்குமாறு பிடித்த தகப்பன் மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடிந்தது இந்தப் பிடிமானத்தினால்தான். தொழிலின் இழிவை நீக்குவதற்கு உபதேசங்கள் செய்ததைவிட ஒரு நிரந்தரச் சம்பளச் சீட்டு அதிகம் செய்திருக்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

வாக்குரிமையும் இவ்வாறே மெல்ல வந்தது. 1948இல் கோலாலம்பூர் முனிசிபாலிட்டி ஆயிற்று. 1952ஆம் ஆண்டு பிப்ரவரியில் முதல் முனிசிபல் தேர்தல் நடந்தது. 12 ஸ்தானங்களை ஜனங்களே நிரப்பினர். அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் கைகோத்துக்கொண்டு அவற்றில் ஒன்பதைப் பிடித்தன. பின்னால் நாட்டை ஆண்ட கூட்டணி பிறந்த தொட்டில் அந்தத் தேர்தல் என்பதைப் பலரும் அறிவர். நாம் அதைவிடச் சிறிய ஒன்றைப் பாராட்டுகிறோம்: தெருவில் குப்பை கிடந்தால், வீட்டு வரி கட்டியவன் வாக்குக் கேட்டு வந்த மனிதனையே தடுத்து நிறுத்திக் கேட்கலாம் என்ற நிலை அன்று உண்டாயிற்று.

அந்த நிலை பத்தாண்டும் நீடிக்கவில்லை. 1960ஆம் ஆண்டின் சட்டப்படி 1961இல் தலைநகரின் தேர்ந்தெடுத்த சபை ஒழிந்து, சர்க்கார் நியமித்த கமிஷனரின் ஆட்சி வந்தது. 1965இல் இந்தோனீசியாவுடன் நேர்ந்த மோதலைக் காரணங்காட்டி மற்ற ஊர்களின் தேர்தல்களும் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டில் ஸ்தல ஸ்தாபனங்களின் நடைமுறையை ஆராய ஒரு ராயல் கமிஷன் அமைந்தது. அதற்குத் தலைமை வகித்தவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். மூன்றாண்டு ஆராய்ந்த அந்தக் கமிஷன், குறைகள் இருப்பினும் தேர்தல் வேண்டும், தலைநகரும் ஜனப் பிரதிநிதிகளால் ஆளப்பட வேண்டும் என்றே சிபாரிசு செய்தது. சர்க்கார் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஸ்தல ஆட்சிச் சட்டம் தேர்தலை நிரந்தரமாக ஒழித்தது. தமிழர் பெருமை பேசும் மேடைகளில் ஆதி நாகப்பனின் இந்த அறிக்கையைக் கேட்பது அரிதாயிருப்பது நமக்கு வியப்பே.

ஆக, குப்பை வண்டி கம்பெனிக்குப் போவதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்னரே, வண்டிக்காரனைக் கேள்வி கேட்கும் வாக்கு கோலாலம்பூர் வாசியை விட்டுப் போய்விட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் 1997இல் நடந்தது விளங்கும். தனியாரிடம் ஒப்படைக்கும் கொள்கையை மலேசிய சர்க்கார் 1983இல் கைக்கொண்டது. குப்பை விஷயத்தில் நாட்டை நான்கு வட்டாரங்களாக வகுத்து நான்கு கம்பெனிகளுக்கு விட ஏற்பாடாயிற்று. இதற்கு நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஊர் பெருத்துவிட்டது; நகரசபைகளிடம் லோரியும் பணமும் போதவில்லை; திறந்த குழிகளில் கொட்டிய குப்பை புகைந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே சில வட்டாரங்களைக் குத்தகைக்காரர்களிடம் சபைகள் விட்டும் இருந்தன. கம்பெனி குப்பையை அழுத்தி ஏற்றும் லோரிகளைக் கொண்டுவந்தது. ஆனால் இடைக்கால ஏற்பாடு என்று தொடங்கிய அது பதினான்கு ஆண்டு இடைக்காலமாகவே இருந்தது. முறையான சட்டம் 2007இல்தான் பிறந்தது. அமலுக்கு வந்தது 2011 செப்டம்பரில். அச்சட்டம் வீட்டுக் குப்பையின் மீதிருந்த அதிகாரத்தையே ஸ்தல ஸ்தாபனங்களிடமிருந்து எடுத்து மத்திய சர்க்காரிடம் கொடுத்தது. வீட்டாரிடம் தனிக் கட்டணம் வாங்கவும் அதில் இடமுண்டு. சர்க்கார் உடனே வாங்கத் துணியவில்லை. கட்டணம் கேட்டிருந்தால் ஜனங்கள் கணக்குக் கேட்டிருப்பார்கள்.

மலக்கழிவு நீர் நிர்வாகமும் 1990களில் இவ்வாறே இண்டா வாட்டர் என்ற கம்பெனிக்கு விடப்பட்டது. கட்டணச் சீட்டு வீட்டுக்கு வந்ததும் ஜனங்கள் கூச்சலிட்டனர், கம்பெனி நஷ்டங்காட்டியது, 2000ஆம் ஆண்டில் சர்க்காரே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. குப்பைக் கம்பெனிக்கு அத்தகைய கதி நேரவில்லை. 2019இல் மலாக்கோப் என்னும் மின்சாரக் கம்பெனி, அலாம் ஃபுளோராவின் பெரும்பங்கை 90 கோடி வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கியது. நம் வாசலிலே வைக்கும் தொட்டி அவ்வளவு விலை பெறுமென்று நம் முன்னோர் கனவிலும் கண்டிரார்.

சிலாங்கூர் வேறு வழி சென்றது. 2008ஆம் ஆண்டுத் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் கையில் வந்த அந்த ராஜ்யம், மத்தியச் சட்டத்தை ஏற்க மறுத்தது. 2011 அக்டோபரில் அதன் நகராண்மைக் கழகங்கள் கம்பெனியை விலக்கிக் குப்பை வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டன. எடுத்துக்கொண்டு என்ன செய்தன? குத்தகைக்காரர் பலரை அமர்த்தின. சில இடங்களில் தெரு சுத்தமாயிற்று. சில இடங்களில் குப்பை மலையாய்க் குவிந்தது. பின்னர் ராஜ்ய சர்க்கார் தனக்குச் சொந்தமான கே.டி.இ.பி. கம்பெனியை ஏற்படுத்தி, கிள்ளான் முதலாக ஒவ்வொரு கழகத்தின் வேலையையும் அதனிடம் ஒப்படைத்தது. அதன் கீழும் குத்தகைக்காரர்கள் உண்டு. ஆகவே பிரிக்பீல்ட்ஸிலிருந்து புறப்பட்டுக் கூட்டரசு நெடுஞ்சாலையில் கோத்தா டாருல் ஏசான் வளைவைக் கடக்கிற ஒருவர், தாம் அறியாமலே ஒரு குப்பை ராஜ்யத்திலிருந்து மற்றொன்றுக்குள் நுழைகிறார். இப்புறம் மத்திய சர்க்காரின் உடன்படிக்கை பெற்ற கம்பெனி, அப்புறம் ராஜ்ய சர்க்காரின் கம்பெனி. இரண்டு புறத்திலும் நகர சபைக்கு வாக்குச் சீட்டு இல்லை.

அள்ளும் கை என்னவாயிற்று? முன்னே சொன்ன பிடிமானம் தளர்ந்தது. குத்தகை மாறும்போதெல்லாம் வேலை நிலைக்குமா என்று குத்தகைத் தொழிலாளி அஞ்ச வேண்டியதாயிற்று. தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று சட்டம் விதித்ததே 2013இல்தான். நம்மவர் விட்டுப்போன இடங்களில் அயல்நாட்டிலிருந்து வந்த ஏழைகள் நிற்கிறார்கள்.

இந்தப் பயம் மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. சென்னை மாநகராட்சி 2000ஆம் ஆண்டில் ஓனிக்ஸ் என்ற அயல்நாட்டுக் கம்பெனிக்குச் சில வட்டாரங்களை விட்டது. தொழிலாளரையே ஓனிக்ஸ்காரர் என்று ஊர் அழைக்கலாயிற்று. ஓனிக்ஸ் போயிற்று, பிற கம்பெனிகள் வந்தன. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களையும் தனியாரிடம் விட்டபோது, பெரும்பாலும் பெண்களாகிய தொழிலாளர் ரிப்பன் கட்டிடத்தின் முன் இரவும் பகலும் அமர்ந்தனர். சுமார் 23,000 ரூபாய்ச் சம்பளம் 17,000 அளவுக்கு இறங்கும் என்பதும், பல ஆண்டு உழைத்தும் நிரந்தரமாக்கவில்லை என்பதும் அவர்கள் முறையீடு. பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினர். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்க்க உழைத்த திரு.வி.க.வின் பெயர் தாங்கிய மண்டலத்திலே இது நேர்ந்தது.

சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சென்னையில் அந்தப் பெண்கள் முறையிடுவதற்கு மேயர் இருந்தார். தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் இருந்தனர். அவர்கள் செய்ததும் செய்யாததும் அடுத்த தேர்தலில் கணக்குக்கு வரும். கோலாலம்பூரில் தொட்டி நிரம்பி வழிந்தால் வீட்டார் கம்பெனிக்குப் போன் செய்கிறார்; கம்பெனியை மேற்பார்க்கும் கார்ப்பரேஷனுக்கு மனுச் செய்கிறார்; வரியையோ மாநகர் மன்றத்துக்குக் கட்டுகிறார். 2015 செப்டம்பரில் குப்பையைப் பிரித்து வைக்கும்படி உத்தரவு வந்தது. வாரம் இருமுறை சாதாரணக் குப்பை, ஒருமுறை மறுபடி உபயோகமாகும் பொருள் என்று முறை வகுத்தனர். நல்ல முறைதான். 2012இல் எடுத்த கணக்குப்படி நாட்டில் நாளொன்றுக்கு 33,000 டன் குப்பை சேர்ந்தது. அதிற் பாதிக்குச் சற்றுக் குறைவு உணவு மிச்சம். பிரிக்காமல் தீராது. ஆனால் பிரிக்காதவர்க்கு அபராதம் என்று எழுதிய சட்டத்தைப்பற்றி அபராதம் கட்டுவோரை யாரும் வாக்குக் கேட்கவில்லை.

2011இல் கம்பெனிகளுடன் செய்த உடன்படிக்கையின் காலம் 22 ஆண்டு; 2033இல் முடிகிறது. அப்போது அதைப் புதுப்பிப்பதா, மாநகரமே வேலையை எடுத்துக்கொள்வதா, அள்ளுவோரை நிரந்தர ஊழியராக்குவதா என்பன போன்ற கேள்விகள் மேஜைக்கு வரும். இடையிலே சட்டம் மாறினாலன்றி, அந்த மேஜையில் பிரிக்பீல்ட்ஸ் வாசிகள் தங்கள் வாக்கால் நகர சபைக்கு அனுப்பிய ஒருவரும், 1961 முதல் இருந்தபடியே, இருக்கமாட்டார்.