உதைத்துக் கிளப்பிய வண்டிகள்

1997 சூப்பர்கிராஸ் தொடரின் கடைசிப் பந்தயம் லாஸ் வேகாஸில். மைதானத்துக்குள் லோடு லோடாக மண்ணைக் கொட்டி, மேடும் பள்ளமுமாக்கி, அதில் வண்டியைப் பறக்கவிடும் விளையாட்டு இது. அன்றைக்கு வரிசையில் நின்றவற்றில் ஒரு வண்டியின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. மற்றவை குளவிக் கூட்டம் மாதிரி இரைந்த 250 சிசி டூ-ஸ்ட்ரோக்குகள். இது யமஹாவின் சோதனை வண்டி ஒய்இசட்எம்400எஃப், அடித்தொண்டையில் உறுமும் ஃபோர்-ஸ்ட்ரோக். ஓட்டியவர் டக் ஹென்றி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விபத்தில் முதுகெலும்பை உடைத்துக்கொண்டவர். ஜெயித்தார். அமெரிக்க சூப்பர்கிராஸில் ஃபோர்-ஸ்ட்ரோக் ஒன்று ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

மறு வருஷமே ஒய்இசட்400எஃப் என்ற பெயரில் கடைக்கு வந்துவிட்டது.

டர்ட் பைக்கைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் யாராவது ஒருத்தர் விலையைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார், அடுத்தவர் எலெக்ட்ரானிக்ஸைத் திட்டுவார். இரண்டு பேரும் தப்பான ஆளைப் பிடித்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. முதலில் விலை. 1998-ல் ஒய்இசட்400எஃப் 6,000 டாலரை ஒட்டி விற்றது. இப்போது ஒய்இசட்450எஃப் 10,000 டாலரை ஒட்டி நிற்கிறது. ஆனால் இந்த இருபத்தைந்து வருஷத்தில் அமெரிக்காவில் பொது விலைவாசியே கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. அந்தக் கணக்கில் வண்டியின் விலை ஏறவே இல்லை. ஏறியது வேறொன்று. அது பில்லில் வராது.

அதைச் சொல்ல இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1968-ல் யமஹா டிடி-1 என்று 250 சிசி டூ-ஸ்ட்ரோக் ஒன்றை அமெரிக்காவில் விட்டது. ரோட்டிலும் ஓடும், காட்டிலும் ஓடும், சம்பளக்காரன் கைக்கும் எட்டும். டூ-ஸ்ட்ரோக் என்றாலே பிடிக்காத சோய்ச்சிரோ ஹோண்டாவின் கம்பெனிகூட 1973-ல் எல்சினோர் சிஆர்250எம்மை விட வேண்டியதாயிற்று. ஒரு தலைமுறையே இந்த வண்டிகளில்தான் மண்ணில் விழுந்து எழுந்து பழகியது.

டூ-ஸ்ட்ரோக்கின் அழகு அதில் என்னென்ன இல்லை என்பதில் இருக்கிறது. வால்வு இல்லை, கேம் இல்லை, டைமிங் செயின் இல்லை. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க், அவ்வளவுதான். பிஸ்டனே மேலும் கீழும் போய் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஓட்டைகளைத் திறந்து மூடும். தேய்ந்துபோனால் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரை உருவி, புது பிஸ்டனும் ரிங்கும் கேஸ்கெட்டும் போட்டு மூடிவிடலாம். பத்து ஸ்பேனரும் ஒரு சாயங்காலமும் போதும். பதினாறு வயசுப் பையன் அப்பாவோடு உட்கார்ந்து ஷெட்டிலேயே முடித்துவிடுவான். அப்படி முடித்தவனுக்குத் தன் வண்டி எப்படி ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அந்த அறிவு வண்டி விலைக்குள் இலவசமாக வந்துகொண்டிருந்தது.

அதை மாற்றியது சிப் இல்லை, விதிப்புத்தகத்தின் ஒரு வரி. டூ-ஸ்ட்ரோக் கிராங்கின் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும், ஃபோர்-ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை. ஆகவே ஃபோர்-ஸ்ட்ரோக்குக்குக் கொஞ்சம் பெரிய எஞ்சினை அனுமதிப்பது நியாயம் என்று அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கம் நினைத்தது. 250 சிசி பிரிவில் 550 சிசி வரை ஃபோர்-ஸ்ட்ரோக் ஓடலாம். அந்தக் கால ஃபோர்-ஸ்ட்ரோக்குகள் எருமை மாதிரி இருந்தன, எனவே இதை யாரும் சட்டை செய்யவில்லை. யமஹா மட்டும் செய்தது. ரோட்டு ரேஸ் வண்டிகளில் பழகியிருந்த ஐந்து வால்வு ஹெட்டை எடுத்து, 92 மில்லிமீட்டர் அகலப் பிஸ்டன் போட்டு, நிமிஷத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல் கத்தும் எஞ்சின் ஒன்றைக் கட்டியது. 1998-ல் ஹென்றி அதில் தேசியப் பட்டமும் வாங்கினார். டூ-ஸ்ட்ரோக்கைப் பிடிக்காத ஹோண்டா டூ-ஸ்ட்ரோக்கைப் பரப்பியதும், டூ-ஸ்ட்ரோக்கால் வளர்ந்த யமஹா அதற்குச் சமாதி கட்டியதும் இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

ஆனால் அந்த வண்டியைக் கிளப்புவது ஒரு பூஜை. கிக்கரை மெதுவாக அழுத்தி, பிஸ்டன் உச்சிக்கு வந்து முட்டும் இடத்தைக் கண்டுபிடிக்கணும். டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து இம்மியளவு தாண்டவிடணும். கிக்கரை மேலே விட்டு, பிறகு முழு மூச்சில் ஒரே உதை. இந்த நேரம் பூராவும் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே கூடாது. தொட்டால் கார்புரேட்டரில் இருக்கும் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிவிடும், ஓவர்ஃப்ளோ ஆகிவிடும். பந்தய நடுவில் விழுந்து, சூடான எஞ்சினை இப்படிப் பூஜை செய்து எழுப்புவதற்குள் பத்து பேர் தாண்டிப் போயிருப்பார்கள்.

நான் பிழைப்புக்கு கோடு எழுதுகிறவன். ஒரு பக்கைச் சரிசெய்யப் போட்ட நாலு வரி இன்னொரு பக்கைப் பெற்றெடுப்பதைத் தினமும் பார்க்கிறேன். அடுத்த இருபது வருஷம் டர்ட் பைக்கில் நடந்தது அதுதான். கிளப்ப முடியவில்லையா, 2003 ஒய்இசட்450எஃப்பில் தானாக இயங்கும் டீகம்ப்ரஷன் வந்தது. கார்புரேட்டர் தகராறா, 2008-ல் சுசுகி ஆர்எம்-இசட்450 ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனோடு வந்தது, அதுவும் பேட்டரி இல்லாமல், கிக்கர் உதையில் பிறக்கும் மின்சாரத்தை வைத்தே. இன்ஜெக்‌ஷன் வந்ததும் கூடவே பெட்ரோல் பம்ப், சென்சார்கள், ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அப்புறம் பட்டன் ஸ்டார்ட், அதற்கு லித்தியம் பேட்டரி. 2018 ஹோண்டா சிஆர்எஃப்450ஆர் கிக்கரையே தூக்கிவிட்டது. 450 சிசியின் இழுவை பல பேர் கைக்கு அடங்கவில்லை, ஆகவே பவரைக் குறைத்துக்கொள்ள ஸ்விட்ச், பின்னால் டிராக்‌ஷன் கன்ட்ரோல். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அந்த பேட்சை அப்ரூவ் பண்ணியிருப்பேன்.

(இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்த புண்ணியவான்கள் சைக்கிள் கம்பெனியான கேனன்டேல். 2000-ஐ ஒட்டியே இன்ஜெக்‌ஷன், பட்டன் ஸ்டார்ட், முன்பக்கமிருந்து காற்றை இழுக்கும் திருப்பிப்போட்ட ஹெட் எல்லாவற்றையும் ஒரே வண்டியில் வைத்தார்கள். 2003 ஜனவரியில் திவால். 2010-ல் யமஹா அதே மாதிரி ஹெட்டைத் திருப்பிப் போட்டபோது அதைப் புதுமை என்றார்கள்.)

நியாயமாகச் சொன்னால் இதில் லாபமும் உண்டு. கார்புரேட்டர் வண்டியைச் சமவெளியிலிருந்து மலைக்குக் கொண்டுபோனால் காற்று மெலிந்து, பெட்ரோல் மிஞ்சி, எஞ்சின் திணறும். ஜெட் மாற்ற வேண்டும். இன்ஜெக்‌ஷன் அதைத் தானாகவே பார்த்துக்கொள்கிறது. 2018-லிருந்து ஒய்இசட்450எஃப்பை வைஃபையில் பிடித்து, போனிலேயே அதன் சுபாவத்தை மாற்றலாம். புதிதாக ஓட்டுகிறவன் சாதுவாக வைத்துக்கொள்ளலாம். எனக்கு இது பிடிக்கும். ஆனால் யமஹா எந்த எண்களைத் தொட விடுகிறதோ அவற்றைத்தான் தொட முடியும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்த இடம் நன்றாகவே புரியும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபோது நம் பைக்குகளிலிருந்து கார்புரேட்டர் பெரும்பாலும் போய்விட்டது. போன வருஷம் பொள்ளாச்சிப் பக்கம் என் வண்டியில் (கம்பெனி பெயர் வேண்டாம்) எஞ்சின் விளக்கு எரிந்தது. ரோட்டோரப் பட்டறையில் ஒரு பெரியவர். ஆர்எக்ஸ்100 சத்தத்தைக் கேட்டே எந்த ரிங் போயிருக்கு என்று சொல்லக்கூடிய ஆள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. "தம்பி, இது பேசற பாஷை நமக்குத் தெரியாதுங்க. கம்பெனிக்கே எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். காசும் வாங்கவில்லை.

பில்லில் வராத விலை என்று சொன்னேனே, அது இதுதான். ஃபோர்-ஸ்ட்ரோக் டர்ட் பைக்கில் வால்வு இடைவெளியைக் கவனிக்காமல் விட்டு, ஒரு வால்வு உடைந்து உள்ளே விழுந்தால் பிஸ்டன், ஹெட், சிலிண்டர் எல்லாம் ஒரே நேரத்தில் காலி. அது ஒரு சாயங்கால வேலை இல்லை. வார இறுதியில் ஓட்டுகிறவர்களில் பலர் அதற்குப் பயந்தே கடைக்கு விடுகிறார்கள். அப்பாவும் பையனும் ஷெட்டில் உட்காரும் அந்தச் சாயங்காலம் மணிக்கணக்குக் கூலியாக மாறிவிட்டது.

2021 டிசம்பரில் பார்சிலோனாவின் ஸ்டார்க் கம்பெனி, வார்க் என்ற மின்சார வண்டியை அறிவித்தது. விலை 11,900 யூரோ, 80 குதிரைத் திறன். பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டியதில்லை, கிளட்சும் கியரும் இல்லை. தேய்கிற சாமான்களை எண்ணினால் டூ-ஸ்ட்ரோக்கைவிட எளிய வண்டி. ஆனால் ஹேண்டில்பாரில் ஒரு போன் உட்கார்ந்திருக்கிறது. 125 மாதிரி ஓடணுமா, 450 மாதிரி ஓடணுமா என்பதை அதில்தான் சொல்ல வேண்டும்.

ஹோண்டா 2007-ஓடு தன் சிஆர் டூ-ஸ்ட்ரோக்குகளை நிறுத்திக்கொண்டது. யமஹா ஒய்இசட்250-ஐ நிறுத்தவில்லை. 2005-ல் அலுமினியச் சட்டம், 2022-ல் புது பிளாஸ்டிக்கும் பிரேக்கும். எஞ்சினில் பெரிதாகக் கைவைக்கவில்லை. கார்புரேட்டர், கிக்கர், பேட்டரி கிடையாது. அதே கடையில் நிற்கும் 450-ஐவிட ஏறத்தாழ 2,000 டாலர் குறைவு. பெட்ரோலில் ஆயிலை இன்னமும் கையால்தான் கலக்க வேண்டும். வாங்க ஆள் இருக்கிறது.