வலிப்பு நோய்: கையில் சாவி வேண்டாம், மாத்திரையை நிறுத்த வேண்டாம்

தி.நகர் ரங்கநாதன் தெருவில், பெருநாள் துணி எடுக்க வந்த கூட்டத்தில் ஒருவர் திடீரென்று விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கை கால் வெட்டி இழுக்கிறது. வாயில் நுரை தள்ளுகிறது. சுற்றி நிற்பவர்களில் ஒருவர் சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் திணிப்பார். இன்னொருவர் பல்லுக்கு நடுவில் எதையாவது செருகப் பார்ப்பார். ஓரிரு நிமிடத்தில் இழுப்பு நின்றுவிடும். இரும்புதான் காப்பாற்றியது என்று பேசிக்கொண்டே கூட்டம் கலையும். உண்மையில் பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். சாவிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

காக்காய் வலிப்பு என்று நம் வீடுகளில் சொல்லப்படும் இந்த நோய் மூளை நரம்புகளைச் சார்ந்தது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முறையான மருந்து கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்பதும் அதே நிறுவனத்தின் கணிப்பு.

உடலுக்குள் நடப்பது என்ன?

மூளையின் நரம்பணுக்கள் மிகச் சிறிய மின்சமிக்ஞைகள் மூலம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பல அணுக்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடின்றி சமிக்ஞை அனுப்பும்போது வலிப்பு உண்டாகிறது. அது மூளையின் எந்தப் பகுதியில் தொடங்குகிறதோ, அதற்கேற்ப உடலில் அறிகுறி தெரியும். இடது மூளையில் கையை இயக்கும் பகுதியில் தொடங்கினால் வலது கை மட்டும் துடிக்கும். பார்வைப் பகுதியில் தொடங்கினால் கண்முன் ஒளி மின்னும். பக்கவாட்டுப் பகுதியில் தொடங்கினால் காரணமில்லாத பயம் வரலாம். ஒரே இடத்தை வெறித்துப் பார்த்தபடி வாயை மெல்லுவதும் உண்டு. மூளை முழுவதும் பரவினால் நினைவிழந்து விழுவார்.

சில குழந்தைகள் வகுப்பில் சில விநாடிகள் அப்படியே உறைந்து நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்வார்கள். கவனம் இல்லாத பிள்ளை என்று திட்டு வாங்குவார்கள். அதுவும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம்.

பன்றிக்கறி சாப்பிடாத நமக்கும் வருமா?

தலைக்காயம், பிறக்கும்போது மூளைக்கு ஆக்ஸிஜன் குறைதல், மூளைக்காய்ச்சல், பக்கவாதம், கட்டி, மரபு என வலிப்புக்குக் காரணங்கள் பல. நம் நாட்டில் அடிக்கடி காணப்படும் ஒரு காரணம் பன்றி நாடாப்புழு.

வலிப்போடு வந்த நம் நாட்டு நோயாளிகள் பலரின் ஸ்கேனில் ஒரு சிறிய புள்ளி தெரிவது வழக்கம். அது காசநோய்க் கட்டி என்றே முன்பு கருதப்பட்டது. அவற்றில் பலவும் இந்தப் புழுவின் இளநிலைக் கட்டிகளே என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1989ல் எடுத்துக்காட்டினர்.

நாம்தான் பன்றியைத் தொடுவதே இல்லையே என்று நிம்மதி கொள்ள முடியாது. சரியாக வேகாத பன்றிக்கறியைச் சாப்பிட்டவரின் குடலில்தான் நாடாப்புழு வளரும். ஆனால் அதன் முட்டைகள் அவருடைய மலத்தில் வெளியேறும். அவர் கை கழுவாமல் சமைத்தாலோ, அந்த அசுத்தம் தண்ணீரிலும் கீரையிலும் கலந்தாலோ, முட்டைகள் அடுத்தவர் வயிற்றுக்குள் போய், அவற்றிலிருந்து வெளிவரும் இளநிலைப் புழுக்கள் இரத்தம் வழியே மூளையை அடைகின்றன. நியூயார்க்கில் பன்றிக்கறியே உண்ணாத யூத சமூகத்தில் நான்கு பேருக்கு 1990, 91 ஆண்டுகளில் இந்த நோய் வந்தது. புழு பரவலாக உள்ள நாடுகளிலிருந்து வந்த வீட்டுப் பணியாளர்கள் வழியே பரவியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கண்டனர். எனவே ஹலால் உணவோடு, கை கழுவுவதும், பச்சையாகத் தின்னும் காய்களை நன்றாக அலசுவதும், சுத்தமான குடிநீரும் அவசியம்.

வலிப்பு வந்தால் செய்ய வேண்டியவை

அருகிலுள்ள கூர்மையான பொருட்களை அகற்றுங்கள். தலைக்கடியில் மென்மையாக ஏதாவது வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். பல் உடையும், மூச்சு அடைக்கும். கை கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். முழு நினைவு திரும்பும் வரை தண்ணீர் கொடுக்க வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ, கர்ப்பிணிக்கு வந்தாலோ உடனே 108க்கு அழையுங்கள்.

நோன்பும் மாத்திரையும்

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வலிப்பே வராமல் குறைந்தது இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகுதான் மருந்தைக் குறைப்பது பற்றி மருத்துவர் யோசிப்பார். அதையும் படிப்படியாகவே செய்வார். ரமலானில் பகல் வேளை மாத்திரை விடுபடும். தராவீஹுக்கும் ஸஹருக்கும் நடுவே தூக்கமும் குறையும். தூக்கக் குறைவும் வலிப்பைத் தூண்டும். எனவே ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். இஃப்தார், ஸஹர் நேரங்களுக்கு ஏற்ற மருந்தாக மாற்ற முடியுமா என்று அவர் சொல்வார். முடியாதென்றால், நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை குர்ஆனில் (2:184, 185) இருக்கிறது.

மறைக்க வேண்டிய நோயா?

வலிப்பு வந்து விழும்போது தன் ஆடை விலகுகிறதே என்று நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்ட பெண்மணியின் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. பொறுமைக்குச் சொர்க்கம், அல்லது குணமடைய துஆ என்று நபியவர்கள் சொன்னபோது அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார்; ஆடை விலகாமலிருக்க மட்டும் துஆ கேட்டார். பிற்காலத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவரைச் சொர்க்கத்துக்குரிய பெண் என்றே அறிமுகப்படுத்தினார்கள். இன்றோ வலிப்புள்ள பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது என்று பயந்து, நோயை மறைத்து நிக்காஹ் முடிக்கிறோம். புகுந்த வீட்டில் தெரிந்துவிடும் என்று அந்தப் பெண் மாத்திரையை விடுகிறாள், வலிப்பு திரும்புகிறது. திருமணத்துக்கு முன்பே இரு குடும்பமும் பேசிவிடுவதே அவளுக்குப் பாதுகாப்பு. சில வலிப்பு மருந்துகள், குறிப்பாக வால்ப்ரோயேட், கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும். அதனால் கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தை முடிவு செய்ய வேண்டும்.

சட்டமும் ஒரு காலத்தில் இந்த நோயாளிகளை ஒதுக்கியது. இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் திருமணத்துக்குத் தடையாக இருந்த ‘வலிப்பு’ என்ற சொல் 1999ல் நீக்கப்பட்டது.

சிகிச்சை எங்கே?

இந்தியாவின் முதல் மூளை நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949ல் வேலூரில் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். பிற்காலத்தில் அவர் அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சையை வளர்த்தார். இன்று சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் ஏழைகள் இலவசமாகச் சிகிச்சை பெறலாம். போகும்போது வலிப்பைப் பார்த்தவரையும் கூட்டிச் செல்லுங்கள். செல்போனில் எடுத்த வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. நினைவிழந்தவரால் தனக்கு என்ன நடந்தது என்று சொல்ல முடியாது.

ஓதுங்கள், துஆ கேளுங்கள். மாத்திரையையும் நேரம் தவறாமல் கொடுங்கள்.