டிசம்பர் 26: ஸ்கோர் எழுதிய மைதானங்களும் எழுதாத கடற்கரையும்

டிசம்பர் 26 என்று சொன்னால் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் யாரும் எந்த வருசம் என்று கேட்பதில்லை. கடல் வந்த நாள். அவ்வளவுதான். ஆனால் விளையாட்டுப் பக்கங்களில் ‘வரலாற்றில் இன்று’ என்று வருமே, அதில் இதே திகதிக்கு ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. 2004ஐ ஒட்டிப் பிறந்த நாங்கள் அந்த நாளை உம்மாமார் சொல்லித்தான் அறிந்தோம். கிரிக்கெட்டைப் போனில் பார்த்துப் படித்தோம். இரண்டையும் ஒரே கட்டுரையில் வைப்பது சரியா என்று எங்களுக்குள்ளேயே இழுபறி. வைத்துத்தான் பார்ப்போமே.

முதலில், ஏன் இந்தத் திகதியில் இவ்வளவு ஆட்டங்கள்? ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளில் நத்தாருக்கு அடுத்த நாள் ‘போக்சிங் டே’ விடுமுறை. பெயரைக் கேட்டுக் குத்துச்சண்டை என்று நினைக்க வேண்டாம். வேலையாட்களுக்குப் பெட்டியில் அன்பளிப்புக் கொடுத்த வழக்கத்திலிருந்து வந்த பெயர் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். லீவு நாள், சனம் வீட்டில் சும்மா இருக்கும், மைதானம் நிறையும். 1860இல் இதே நாளில்தான் இங்கிலாந்தின் ஷெபீல்ட், ஹலாம் என்ற இரண்டு கழகங்கள் மோதின. கழகங்களுக்கு இடையிலான முதல் கால்பந்துப் போட்டி அது. 1963இல் அங்கே முதல் பிரிவின் பத்து ஆட்டங்களில் 66 கோல்கள். புல்ஹாம் 10, இப்ஸ்விச் 1. இரண்டே நாளில் திரும்ப மோதியபோது இப்ஸ்விச் 4-2 என்று வென்றது. பந்து உருண்டைதானே!

பெயரில் குத்துச்சண்டை இல்லாவிட்டாலும், இந்த நாளின் பெரிய கதைகளில் ஒன்று குத்துச்சண்டைதான். 1908, சிட்னி. ஜக் ஜோன்சன் என்ற கறுப்பின அமெரிக்கர், உலக ஹெவிவெயிட் சம்பியன் டொமி பேர்ன்ஸைப் பிடிப்பதற்காக நாடு நாடாகத் துரத்திக்கொண்டு அங்கே வந்து சேர்ந்திருந்தார். அதுவரை வெள்ளைச் சம்பியன்கள் கறுப்பர்களோடு பட்டத்துக்கு மோதுவதைத் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார்கள். பேர்ன்ஸுக்கு 30,000 டொலர், ஜோன்சனுக்கு 5,000 டொலர் என்ற பேச்சில் சண்டை நடந்தது. பதினாலாவது சுற்றில் பேர்ன்ஸ் நிற்க முடியாமல் நிற்க, பொலிஸ் உள்ளே வந்து நிறுத்தியது. படமெடுத்துக்கொண்டிருந்த கமராவும் நிறுத்தப்பட்டது. வெள்ளையன் விழுவதை உலகம் பார்க்கக் கூடாதாம். ஆனாலும் பட்டம் ஜோன்சனுக்குப் போனது.

87 வருடம் கழித்து, அதே நாட்டில், அதே திகதி. 1995, மெல்போர்ன். கண்டியில் பிறந்த 23 வயதுத் தமிழ்ப் பொடியன் முத்தையா முரளிதரன் பந்து போடுகிறார். நடுவர் டரல் ஹெயார் மூன்று ஓவர்களுக்குள் ஏழு தரம் ‘நோ போல்’ என்று கையை நீட்டினார். பந்தை எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. முழங்கையைப் பக்கவாட்டிலிருந்து நன்றாகப் பார்க்கக்கூடியவர் ஸ்கொயர் லெக் நடுவர். வழக்கமாக அவர்தான் இதைச் சொல்வார். ஹெயார் சொன்னதோ பந்துவீச்சாளரின் முனையில், ஸ்டம்புக்குப் பின்னால் நின்றுகொண்டு. அர்ஜுன ரணதுங்க மைதானத்தை விட்டு வெளியே போய் ஆலோசித்துவிட்டு வந்தார். பிறகு முரளி மறுமுனையில், ஸ்டீவ் டன் நின்ற பக்கத்திலிருந்து போட்டார். அங்கே ஒரு பந்தும் நோ போல் ஆகவில்லை. ஒரே கை, ஒரே மைதானம், முனை மட்டும்தான் வேறு.

அடுத்த மாதம் பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சன் அதையே செய்தார். முரளி லெக் பிரேக் போட்டுப் பார்த்தார், அதுவும் நோ போல். பிறகு மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் பரிசோதனைகள் நடந்தன. பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கை அது, எறிவதுபோலக் கண்ணுக்குத் தெரிகிறது என்றார்கள். எங்கள் சந்தாங்கேணி மைதானத்தில் இன்றைக்கும் ஒருவன் கொஞ்சம் வேகமாகச் சுழற்றினால் ‘எறியிறான்டா’ என்று நாலு பேர் கத்துவார்கள். உடனே வரும் பதில், ‘அப்ப முரளி?’ அதோடு வழக்கு முடிந்துவிடும்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. போயா தினமும்கூட. இலங்கை அணி நியூசிலாந்தில், ஒக்லாந்தில் முதலாவது ஒருநாள் போட்டியை ஆடியது. நியூசிலாந்து ஏழு விக்கெட்டால் வென்றது. அந்த ஸ்கோர்காட் இன்றும் இணையத்தில் இருக்கிறது. அதை ஒரு விளையாட்டு முடிவாக எங்களால் வாசிக்க முடியவில்லை. அதே நாளில் இந்தக் கரையில் என்ன நடந்தது என்பது தெரியும் அல்லவா? நாட்டிலேயே அதிகம் பேரை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேல். எங்கள் ஊர்களில் கடலோரமாக இருந்த வீடுகள் வரிசை வரிசையாகப் போயின. காலி மைதானத்துக்குள்ளும் கடல் புகுந்தது. அங்கே மறுபடி டெஸ்ட் ஆட மூன்று வருடம் பிடித்தது.

அணி தொடரை விட்டுவிட்டு நாடு திரும்பியது. மிச்சம் நாலு ஆட்டங்களையும் ஒரு வருடம் கழித்துப் போய் ஆடினார்கள். தோள் காயத்தால் அந்தச் சுற்றுக்குப் போகாத முரளி, அன்று தெற்கே சீனிகமவில் ஒரு நிகழ்வுக்குப் போக வேண்டியிருந்தது. தாமதமாகக் கிளம்பியதால் தப்பினார். பிறகு நிவாரண வேலையில் இறங்கினார்.

எங்களுக்கு மறக்க முடியாத ஆட்டம் அதன் பிறகுதான் வருகிறது. 2005 ஜனவரி 10, சுனாமி நிதிக்காக உலக அணியும் ஆசிய அணியும் மோதின. இடம் அதே மெல்போர்ன் மைதானம். 2004 மே மாதம் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்டே முரளியை ‘எறிகிறவர்’ என்று சொல்லியிருந்தார். அந்த வருடம் அங்கே நடந்த டெஸ்ட் சுற்றுக்கு முரளி போகவில்லை. ஆனால் இந்த ஆட்டத்துக்குப் போனார். ஏழு தரம் நோ போல் கேட்ட அதே புல்தரையில், எழுபதாயிரம் பேருக்கு முன்னால் பந்து போட்டார். ஆசிய அணி தோற்றது. யாருக்கு அது கவலை?

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006இல் இதே நாளில், இதே மைதானத்தில் ஷேன் வோர்ன் 700ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார். 708உடன் அவர் நிற்க, முரளி 800 வரை போனது உங்களுக்குத் தெரியும். 2012இல் மறுபடி மெல்போர்ன், மறுபடி டிசம்பர் 26. இலங்கை 156க்குச் சுருண்டது. அதற்குள் சங்கக்கார 58 அடித்து, டெஸ்டில் பத்தாயிரத்தைத் தொட்டார்.

இந்தத் திகதியில் ஊரில் கிரிக்கெட் சுற்றுப்போட்டி வைக்கலாமா என்று எங்கள் குழுவில் ஒரு வாதம் நடந்தது. ‘மையத்து வீட்டில் பந்து அடிப்பதா’ என்றார் ஒருவர். போனவர்களில் பாதிப்பேர் அந்தக் கரையில் விளையாடியவர்கள்தானே என்றார் இன்னொருவர். இன்னும் முடிவில்லை. எங்கள் எண்ணம், அன்றைக்குப் போட்டி வேண்டாம், துஆவோடு இருக்கட்டும். ஆனால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒக்லாந்தில் யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்று தேடினால் கிடைக்கிறது. 2004க்கு முன் எங்கள் கடற்கரை மணலில் டென்னிஸ் பந்தோடு ஆடிய டீம்களின் பெயர்கூட எங்கேயும் எழுதி இல்லை. எந்த டீம் எந்த ஒழுங்கையிலிருந்து வந்தது, யார் முரளி மாதிரிச் சுழற்றுவார், யாருடைய சிக்ஸர் கடலுக்குள் போகும்? காக்காமார், மாமாமார், ஞாபகம் உள்ளவர்கள் எங்களுக்குச் சொல்லுங்கள். வீட்டுக்கே வந்து எழுதி எடுக்கிறோம்.