தொடையிலிருந்து கைக்கு

2020 ஜூலை 1 காலை, நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஐந்தாவது அலகில் கொதிகலன் வெடித்து ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள். தீக்காயம்பட்டவர்களைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களிலும் சிலர் பிழைக்கவில்லை. மே 7-ஆம் தேதிதான் அதே நிலையத்தின் ஆறாவது அலகு வெடித்திருந்தது. இந்த நிலையத்தை நடத்தும் நிறுவனத்தை வளையமாதேவி கிராமத்துக்காரர்கள் வேறொரு காயத்தாலும் அறிவார்கள்: 2023 ஜூலையில், வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் வாய்க்கால் வெட்டப் பொக்லைன் இறங்கியது. மண்ணுக்கு நேர்ந்ததை நாடே பார்த்தது. கொதிகலன் பக்கம் வேலைக்குப் போன உடம்புகள் அதன்பின் என்ன பட்டன என்பதை அதிகம் பேர் பேசவில்லை.

ஆழமாக வெந்த இடத்தில் தோல் தானாக முளைக்காது. பெரும்பாலும் தொடையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். மயக்கம் கொடுத்து, தொடையில் எண்ணெய்ப் பசை தடவி, நீளக் கத்தியை அறுப்பதுபோல் முன்னும் பின்னும் ஓட்டினால் வெங்காயச் சருகுபோல ஒரு படலம் உரிந்து வரும். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வலைக்கண்போல் துளையிடும் கருவியில் விட்டால் அது ஒன்றரை மடங்கு, மூன்று மடங்குகூட விரியும். அடியில் ஊறும் நீரும் துளைவழியே வெளியேறும்.

வெந்த கையில் வைத்துக் கட்டிய முதல் இரண்டு நாள் அந்தத் தோலுக்குச் சொந்த ரத்தம் கிடையாது. புண்ணில் கசியும் நீரை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கும். பிறகு அடியிலுள்ள நுண்குழாய்கள் அதனோடு இணையும். இடையில் கை அசைந்தாலோ, அடியில் ரத்தம் கட்டினாலோ, சீழ் பிடித்தாலோ போயிற்று. ஐந்தாம் நாள் வாக்கில் கட்டைப் பிரிப்பார்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் பிடித்துக்கொண்டது. கறுத்துப் போயிருந்தால் மறுபடி தொடைக்குப் போக வேண்டும்.

தொடையோ வேறு கதை. வெந்த கையைவிடத் தொடைதான் அதிகம் எரிகிறது என்று நோயாளிகள் சொல்வதுண்டு. அது மிகையில்லை, மேல்தோல் போய் நரம்பு நுனிகள் வெளியே கிடக்கின்றன. அங்கே ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. இரண்டு வாரத்தில் தானே உதிரும்.

எலும்போ தசைநாணோ வெளியே தெரிந்தால் இந்த மெல்லிய படலம் பிடிக்காது. அங்கே ரத்தக்குழாயோடு கூடிய தடித்த மடல் வேண்டும். இடுப்பு மடிப்பில் தோலையும் கொழுப்பையும் சேர்த்துக் கிளப்பி, ஒரு பக்கத்தை அறுக்காமல் விட்டு, மறுபக்கத்தைக் கையில் தைப்பார்கள். மூன்று வாரம் கை இடுப்போடு ஒட்டிக் கிடக்கும். சோறு ஊட்ட ஆள் வேண்டும், குளிப்பாட்ட ஆள் வேண்டும். அந்த மூன்று வாரமும் கூலி வராது. ஒப்பந்தத் தொழிலாளியின் வீட்டுக்கு அதுதான் பெரிய காயம். பின்னாளில் அவர் உடம்பு பெருத்தால் புறங்கையும் பெருக்கும். இடம் மாறினாலும் அது வயிற்றுப் பக்கத்துக் கொழுப்புதானே.

மடல் வித்தை நம் நாட்டுக்குப் புதிதல்ல. திப்புவுடன் நடந்த போரில் பிடிபட்டு மூக்கறுக்கப்பட்ட கொவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்குப் புனேயில் நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு வைத்தார்கள். 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்று படத்தோடு அதை வெளியிட்டது. 1814-இல் கார்ப்யூ என்ற மருத்துவர் லண்டனில் அதையே செய்து காட்டினார்.

உடம்பில் பாதிக்குமேல் வெந்தவரிடம் எடுக்கப் போதுமான தோல் மிஞ்சாது. அப்போது கைகொடுப்பது இறந்தவர் தோல். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் கிளிசராலில், நாலு டிகிரி குளிரில், ஐந்து ஆண்டுவரை வைக்கலாம். ரத்தப் பிரிவு பார்க்க வேண்டியதில்லை. சில வாரத்தில் உடம்பு அதைத் தள்ளிவிடும். அதற்குள் நோயாளியின் தொடை ஆறியிருக்கும். அதே இடத்தில் மறுபடி எடுக்கலாம்.