லக்ஸ்

லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மீது விழும் ஒளியைச் சொல்லும் அலகு. ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். விளக்கிலிருந்து புறப்படும் மொத்த ஒளிக்கு லூமன், ஒரு திசையில் அதன் செறிவுக்கு கண்டெலா. இம்மூன்றையும் மாற்றிச் சொல்வது சின்னப் பிழைதான். லக்ஸ் ஒளியையே அளக்கிறது என்று எண்ணுவது பெரிய பிழை. அது அளப்பது மனிதக் கண்ணுக்குப் படும் ஒளியை மட்டும். சராசரிக் கண் எந்த நிறத்தை எவ்வளவு பிரகாசமாக உணர்கிறது என்பதற்கு 1924இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் ஒரு வளைகோடு வகுத்தது. அதன் உச்சி 555 நானோமீட்டரில், மஞ்சள் கலந்த பச்சையில் இருக்கிறது. அங்கே ஒரு வாட் 683 லூமன்; சிவப்பை நோக்கியும் நீலத்தை நோக்கியும் அது சரிந்துகொண்டே போகும். லக்ஸ் மானியின் வெள்ளை மூடிக்குள் இருக்கும் சிலிக்கானுக்கு இயல்பிலே சிவப்பும் அகச்சிவப்பும்தான் நன்றாகத் தெரியும். அதன்மேல் வடிகட்டும் கண்ணாடி ஒன்றை வைத்து, நம் கண்ணைப்போலப் பார்க்கப் பழக்கியிருக்கிறார்கள்.

ஆகவே கண் வேலை செய்யும் இடத்தில் லக்ஸுக்கு நிகரில்லை. அட்டன் பக்கத்து லயத்துக் காம்பரா ஒன்றில் குப்பி லாம்பு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சுடர் ஏறத்தாழ ஒரு கண்டெலா என்றால், ஒரு மீட்டர் தள்ளி விரித்த கொப்பியில் விழுவது ஒரு லக்ஸ். தூரம் பாதியானால் 4, கால் மீட்டரில் 16. படிப்பதற்கு 300 லக்ஸாவது வேண்டும் என்பது இன்றைய பொதுக் கணக்கு. பிள்ளை கொப்பியை லாம்போடு ஒட்டவைத்துக் குனிவதற்கு இந்தக் கணக்கே காரணம்.   தேயிலைத் தொழிற்சாலையில் தூளைத் தரம் பிரிக்கும் மேசைக்கும் லக்ஸே பொருத்தம், நிறம் பார்ப்பது கண் என்பதால்.

தேயிலைச் செடிக்குக் கண் இல்லை. அதன் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையான ஒளியை ஒளித்துகள்களாக எண்ணி, சதுர மீட்டருக்கு நொடிக்கு இத்தனை மைக்ரோமோல் என்று சொல்வதே சரி. 555 நானோமீட்டர் பச்சையில் ஒரு மைக்ரோமோல் விழுந்தால் மானி 147 லக்ஸ் காட்டும். 660 நானோமீட்டர் சிவப்பில் அதே ஒரு மைக்ரோமோலுக்கு 8 லக்ஸ்கூடக் காட்டாது. இலைக்கோ அந்தச் சிவப்பு பச்சைக்குச் சளைத்ததல்ல. இது ஏட்டுக் கவலை அல்ல. 1925இல் தொடங்கி இன்று தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பழைய கேள்விகளில் ஒன்று, நிழல் எவ்வளவு வேண்டும் என்பது. முழு வெயிலைத் தேயிலை இலையால் முழுதும் பயன்படுத்த முடியாது. மிஞ்சும் ஒளி ஒளிச்சேர்க்கையையே தளர்த்திவிடும். கிரவேலியாவும் முள்முருங்கையும் தேயிலை மலைகளில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெயிலில் ஒரு மைக்ரோமோலுக்குச் சுமார் 54 லக்ஸ் என்ற விகிதம் பெரிதாக மாறுவதில்லை, 54ஆல் வகுத்தால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மைக்ரோமோல் மானியின் விலையும் லக்ஸ் மானியைப்போலப் பல மடங்கு. திறந்த வெளியில் இந்தச் சுருக்குவழி போதும். நுவரெலியாவின் மூடிய வானத்துக்கும் பெரும்பாலும் போதும். இலைகளுக்கு அடியில் போன பிறகுதான் அது பொய்க்கிறது. மேலிலை சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொண்டு பச்சையைக் கூடுதலாகக் கீழே விடுகிறது. மானிக்கு மிகப் பிடித்த நிறமும் அதுவே. எனவே செடிக்குக் கிடைத்ததைவிட அதிகமாகக் கிடைத்ததாக அது சொல்லும். கிளை வெட்டி இடைவெளி விட்ட நிழல் மரத்தடியில், கொழுந்து மட்டத்துக்கு மேல் இந்தப் பிசகு சிறிது. சந்துகளினூடே நேர் வெயில் வந்துவிடுகிறது. மட்டத்துக்கு அடியில், செடியைத் தாங்கும் முதிர்ந்த இலைகளிடம் அது பெரிது. கவ்வாத்து வெட்டிய மலையில் மூடுவதற்கு இலையே இல்லை. அங்கே, துளிர் விட்டு மட்டம் கூடும்வரை, 54ஆல் வகுத்துக்கொள்ளலாம்.