சார்ஜர் கையேட்டில் இல்லாதவள்

நம் வீட்டுச் சுவரில் இருக்கும் 15 ஆம்பியர் பவர் பாயிண்டுக்கு ஒரு வரலாறு உண்டு. மூன்று உருண்டைக் கம்பிகள் நுழையும் அந்த வடிவம், 1934இல் பிரிட்டனில் வகுக்கப்பட்ட பி.எஸ். 546 என்ற தரத்திலிருந்து வந்தது. இஸ்திரிப்பெட்டி, கீசர், ஏ.சி. எல்லாம் அதில்தான் ஓடின. இப்போது மின்சார ஸ்கூட்டரும் காரும் இரவெல்லாம் அதில்தான் சார்ஜ் ஏறுகின்றன. நமக்கு அதைத் தந்த பிரிட்டன் 1947லேயே அதைக் கைவிடத் தொடங்கி, வேறொரு பிளக்குக்கு மாறியது. அந்தப் புதிய பிளக்கை முடிவு செய்ய 1942இல் அமைந்த இருபது பேர் கொண்ட குழுவில் ஒரே ஒரு பெண் இருந்தார். அவர் பெயர் கரோலின் ஹாஸ்லெட். எர்த் கம்பி உள்ளே போன பிறகே மற்ற இரண்டு துளைகளின் மூடி திறக்கும் என்ற ஏற்பாட்டை, குழந்தைகளின் விரலை நினைத்து வற்புறுத்தியவர் அவர்.

ஹாஸ்லெட் 1924இல் தொடங்கப்பட்ட பெண்களுக்கான மின்சாரச் சங்கத்தின் இயக்குநர். அந்தச் சங்கத்துக்காக அவர் தொகுத்த மின்சாரக் கையேடு 1934இல் வந்தது. பியூஸ் ஏன் உருகுகிறது, எர்த் எதற்கு, மீட்டரை எப்படிப் படிப்பது என்பவற்றைப் பெண் வாசகியை நோக்கிப் பேசிய நூல் அது. அந்த இயக்கத்துக்கு எல்லைகள் இருந்தன. மின்சாரம் வந்தால் வீட்டுவேலை குறையும் என்று அது நம்பியது. கருவிகள் வந்த பிறகும் பெண்ணின் வேலை நேரம் குறையவில்லை, எதிர்பார்ப்புகள்தாம் கூடின என்று அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில் காட்டினார். ஆனாலும் கருவியைத் தொடுகிறவளுக்கு அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும் என்ற எண்ணத்தை அந்தக் கையேடு தொடங்கிவைத்தது.

நம் பக்கத்திலும் அதே காலத்தில் ஒருவர் இருந்தார். 1919இல் சென்னையில் பிறந்த அ. லலிதா பதினெட்டு வயதில், கைக்குழந்தையுடன் கணவரை இழந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து மின்பொறியியல் படித்து 1943இல் தேறினார். இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் என்று அறியப்படும் அவர், தொடக்கத்தில் சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பில் வேலை பார்த்தார். பின்னர் கல்கத்தாவில் மின்தொடர்களை வடிவமைத்தார். தரங்கள் எழுதப்படும் இடத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெண் அத்தனை சீக்கிரம் போயிருக்கிறார். ஆனால் அந்தத் தரங்கள் சமையலறையில் நிற்கும் பெண்ணிடம் அவள் மொழியில் வந்து சேரவில்லை.

மின்சாரம் நம் அடுக்களைக்குள் கருவிகளாக வந்தது. 1955இல் கோவையில் பிறந்த வெட் கிரைண்டர், 1960களில் வந்த மிக்ஸி என்று ஒவ்வொன்றாக நுழைந்தன. 2011இல் ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்று முதலமைச்சரான ஜெயலலிதா, அதே ஆண்டு செப்டம்பரில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கினார். 1.85 கோடி குடும்பங்கள் இலக்கு. குடும்ப அட்டையிலிருந்த பெண்களின் பெயரில் கருவிகள் வந்தன. நாட்டின் அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்து அனுப்பிய திருவெறும்பூர் பக்கத்திலும், கோயில் மதில்களுக்குள் வீடுகள் அடுக்கியிருக்கும் ஸ்ரீரங்கத்திலும் பெண்கள் இவற்றை ஓட்டக் கற்றது புத்தகத்தைப் பார்த்து அல்ல. அம்மா சொன்னாள், பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். "ஈரக்கையோட சுவிட்சைத் தொடாதே" என்பதுதான் முதல் பாடம். அது உயிர் காத்த பாடம். ஆனால் அதில் காரணம் இல்லை, தடை மட்டுமே உண்டு. தடையாக மட்டும் வரும் அறிவு, புதிய கருவி வந்தால் உதவாது.

வண்டி சார்ஜர் அப்படிப்பட்ட புதிய கருவி. 750 வாட் மிக்ஸி மூன்றேகால் ஆம்பியர் எடுக்கும், ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். 15 ஆம்பியர் பாயிண்டிலிருந்து காருக்கு ஏற்றும் 3.3 கிலோவாட் சார்ஜரோ 14 ஆம்பியருக்கு மேல் எடுக்கும், ஏழெட்டு மணி நேரம் நிற்காமல் எடுக்கும். ஸ்கூட்டர் சார்ஜர் அதைவிடக் குறைவாக எடுத்தாலும் மணிக்கணக்கில் ஓடுகிறது. மெலிந்த வயரும் தளர்ந்த பாயிண்டும் ஐந்து நிமிடம் தாங்கும், இரவு முழுதும் தாங்காது. முதலில் சூடாகும், பிறகு கருகும். வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் இது நடக்கும்.

இன்னொரு ஆபத்து எர்த்தில் இருக்கிறது. எர்த் சரியில்லையென்றால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டி, வேலை செய்ய மறுக்கும். உப்பும் கரியும் போட்டுப் புதிதாக எர்த் குழி எடுப்பதற்குப் பதிலாக, பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டிவிடும் வழக்கம் உண்டு. விளக்கு பச்சையாகிவிடும். என்றைக்காவது நியூட்ரல் வயர் அறுந்தால் வண்டியின் இரும்பு உடம்பெங்கும் மின்சாரம் நிற்கும். ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ ஒட்டு வீடுகளுக்குத் தனி ஷெட் கிடையாது. வண்டி நிற்பது ரேழியில், அல்லது திண்ணையை ஒட்டி வாசலில். விடியற்காலையில் அந்த வாசலில் தண்ணீர் தெளித்து, வெறுங்காலோடு கோலம் போடுகிறவள் யார் என்று கேட்டுப் பாருங்கள். வண்டி யார் பெயரில் இருந்தாலும் ஆபத்து அவள் காலடியில் இருக்கிறது. மாடிக் குடித்தனத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக வயரை இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். சார்ஜிங் நிலையங்களுக்கு மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளில் 2019இல் சேர்ந்த அத்தியாயம் எக்ஸ்டென்ஷன் வயரைத் தடுக்கிறது, பாயிண்ட் தரையிலிருந்து 80 சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறது, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போன்ற கருவியையும் கேட்கிறது. இந்த அறிவு வாசல்வரை வந்து சேர வேண்டுமானால் அதைச் சுமந்து வரக்கூடியது வண்டியோடு தரப்படும் கையேடு ஒன்றுதான்.

அந்தக் கையேடு எந்த மொழியில் இருக்க வேண்டும்? 1964 ஜனவரி 25 அன்று திருச்சி ரயில் நிலையத்தின் முன் கீழப்பழுவூர் சின்னச்சாமி இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்தார். இளம் மனைவியையும் சிறு மகளையும் விட்டுச் சென்றார். அடுத்த ஆண்டு மாநிலமே கொதித்தது. அரசு அலுவலகத்திலும் பள்ளியிலும் எந்த மொழி என்ற கேள்விக்கு அந்தப் போராட்டம் பதில் வாங்கித் தந்தது. கடைப் பலகையில் தமிழ் வேண்டும் என்று மாநில விதி சொல்கிறது. ஆனால் கடைக்குள் விற்கும் பெட்டியின் கதை வேறு. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகள், பெட்டிமேல் உள்ள விவரங்கள் தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்கின்றன. பிற மொழி கூடுதலாக இருந்தால் தடையில்லை, அவ்வளவுதான். வீட்டு மின்கருவிகளுக்கான உலகத் தரம் ஐ.இ.சி. 60335, வழிமுறைகள் விற்பனையாகும் நாட்டின் அலுவல் மொழி ஒன்றில் இருக்க வேண்டும் என்கிறது. 'நாட்டின் அலுவல் மொழி' என்ற சொல் இந்தியாவுக்குள் வந்ததும் மீண்டும் இந்தியும் ஆங்கிலமுமே மிஞ்சுகின்றன.

ஐரோப்பாவை ஒப்பிடலாம். அங்கே குறைமின்னழுத்தக் கருவிகளுக்கான 2014ஆம் ஆண்டு ஆணை, பாதுகாப்புக் குறிப்புகள் வாங்குகிறவருக்கு எளிதில் புரியும் மொழியில், அந்தந்த நாடு தீர்மானிக்கும் மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. எஸ்தோனியாவின் மொத்த மக்கள்தொகை சுமார் 13 லட்சம். 2011 கணக்கெடுப்பில் திருச்சி மாவட்டத்தில் மட்டும் 27 லட்சம் பேர். எஸ்தோனியப் பெண் தன் மொழியில் கையேட்டைக் கேட்டு வாங்கலாம். திருச்சிப் பெண்ணுக்கு அது கம்பெனி மனது வைத்தால் கிடைக்கும்.

இந்தியாவில் இது முடியாத காரியமும் அல்ல. 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், மருந்துடன் வரும் தாள் இந்தி, ஆங்கிலம், விற்கும் இடத்தின் வட்டார மொழி ஒன்று அல்லது இரண்டில் இருக்க வேண்டும் என்று சொல்லி ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. விஷப் புட்டிக்குப் பொருந்தும் நியாயம் 230 வோல்ட்டுக்கும் பொருந்த வேண்டும்.

சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, தீங்கைத் தடுக்கப் போதுமான பயன்பாட்டு வழிமுறையோ எச்சரிக்கையோ தராத உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. படிக்க முடியாத மொழியில் உள்ள எச்சரிக்கை 'போதுமானது' ஆகுமா என்று பெண்கள் இந்தப் பிரிவின் கீழ் கேட்கலாம். கேட்க வேண்டும். அதே சட்டத்தின் 87ஆம் பிரிவையும் படித்துவைப்போம். வேலையிடத்துக்காக முதலாளி வாங்கிய பொருளென்றால், முதலாளியிடம் எச்சரிக்கை கொடுத்துவிட்டாலே உற்பத்தியாளருக்குப் பொறுப்பு இல்லை என்கிறது அது. கருவியைத் தொடுகிற தொழிலாளிக்கு அது போய்ச் சேர்ந்ததா என்பது கேள்வியாகவே இல்லை. வீட்டிலும் இதே ஏற்பாடுதான் எழுதாமல் நடக்கிறது. ஷோரூமில் விளக்கம் கேட்பது பெரும்பாலும் பணம் கட்டும் ஆண். கையேடு பீரோவுக்குள் போகிறது. பிளக்கைச் செருகுவதும் எடுப்பதும் வீட்டில் இருப்பவளின் வேலையாகிறது.

தமிழில் கையேடு வந்தாலும் வேலை முடிந்துவிடாது. எந்தத் தமிழ் என்பதும் கேள்வி. 'கரண்ட்' என்றால் நமக்கு மின்சாரம் முழுதும்தான்: கரண்ட் போச்சு, கரண்ட் வந்தது, கரண்ட் பில். கையேட்டில் அது ஆம்பியரில் அளக்கும் மின்னோட்டம் மட்டும். 'புவித்தொடர்பு' என்று அச்சிட்டால் வயரிங் செய்ய வருகிறவருக்கே தடுமாற்றம், 'எர்த்' என்றால் எல்லோருக்கும் தெரியும். 'எஞ்சிய மின்னோட்டச் சாதனம்' என்பதைவிட, 'டிரிப் ஆகிற பெட்டி, அதில் டி என்ற பொத்தான்' என்பது உதவும். கலைச்சொல்லை அடைப்புக்குறிக்குள் வைத்து, வழக்குச்சொல்லை வெளியே வைத்தால் போதும்.

இலக்கணத்திலும் ஒன்று கவனிக்க வேண்டும். கையேட்டுத் தமிழ் 'செய்யவும்', 'தவிர்க்கவும்' என்றே முடிகிறது. யாரிடம் பேசுகிறது என்று தெரியாத வினை அது. ஆள் தெரியும் இடம் ஒன்று உண்டு. குழந்தைகளும், அனுபவமும் அறிவும் இல்லாதவர்களும் பொறுப்பானவரின் மேற்பார்வையின்றிக் கருவியைப் பயன்படுத்தலாகாது என்ற எச்சரிக்கை, ஐ.இ.சி. தரத்தைப் பின்பற்றும் எல்லாக் கையேட்டிலும் வரும். அனுபவத்தையும் அறிவையும் தரவேண்டிய புத்தகமே அதைத் தராமல் இருந்துவிட்டு, அவை இல்லாதவளை மேற்பார்வையில் வைக்கச் சொல்கிறது. நம் வீடுகளில் அந்த மேற்பார்வையாளர் யாராக இருப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2011இல் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் சுமார் 73 விழுக்காடு, ஆண்களில் சுமார் 86. ஆகவே படமும், போனில் கேட்கக்கூடிய குரலும் கையேட்டின் பகுதியாக வேண்டும். 2018இல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வேலைக்குப் போகும் பெண்களின் கையில் வண்டியைக் கொடுத்தது. 2021இல் ஓலா தன் போச்சம்பள்ளி ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று அறிவித்தது. வண்டியைச் செய்கிறவளும் ஓட்டுகிறவளும் பெண் என்றான பிறகு, அவளிடம் நேராகப் பேசும் ஒரு பக்கத்தை எழுதுவது கடினமல்ல. அது இப்படித் தொடங்கலாம்:

பவர் பாயிண்ட் மீட்டர் பெட்டியிலிருந்து தனி வயரில் வருகிறதா என்று கேளுங்கள். சார்ஜ் போட்டு அரை மணி நேரம் கழித்துப் பிளக்கின் வெளிப்புறத்தைக் காய்ந்த புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் எர்த் சரியில்லை என்று பொருள், விளக்கைப் பச்சையாக்கித் தந்தவரிடம் என்ன செய்தார் என்று கேளுங்கள். மாதம் ஒருமுறை டிரிப் பெட்டியின் பொத்தானை அழுத்துங்கள், கரண்ட் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அந்தப் பெட்டி உங்களைக் காக்காது. வாசல் தெளிக்கும் முன் சுவிட்சை அணைத்துப் பிளக்கை எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு வரியிலும் காரணத்தைச் சேர்த்துச் சொன்னால் இரண்டு பக்கம் ஆகும். எடையளவு விதியில் 'கூடுதலாக இருந்தால் தடையில்லை' என்பதை 'கூடுதலாக இருக்க வேண்டும்' என்று மாற்றவும், அதைக் கையேட்டுக்கும் நீட்டிக்கவும் வேண்டியது ஓர் அரசாணை. சார்ஜர் வாசலுக்கு வந்துவிட்ட பிறகு, இதைக் கேட்பதற்கு இன்னொரு விபத்துச் செய்திக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை.